அந்த மீத்தேன் எங்கிருந்து வந்தது?

கடந்த செமஸ்டரில் ஒரு புதன்கிழமை மாலை, எங்கள் ஆய்வுக்கூடத்துக் கணினித் திரையில் ஒரு சிறு கூம்பு எழுந்தது. அதற்காக நான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன். வாயுக் கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் ‘ஜி.சி.’ என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு வாயுவும் அதிலிருந்து வெளிவருவதற்கென்று ஒரு நேரம் உண்டு. என் கூம்பு எழுந்தது மீத்தேனுக்கு உரிய நேரத்தில்.

மீத்தேன் ஓர் எரிபொருள். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி அதுதான். ஆனால் நான் கலனுக்குள் செலுத்தியது கரிவளியும் கொஞ்சம் நீராவியும் மட்டுமே. கலனின் அடியில் 50 மில்லிகிராம் தூள், மேலே 300 வாட் செனான் விளக்கு. இரண்டு மணி நேரம் ஒளி பாய்ச்சினேன். எரிந்து முடிந்த வாயு மறுபடியும் எரியக்கூடிய வாயுவாகிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். திரையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்பா பேராக்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பிரிவில் வேலை செய்கிறார். “பையன் புகையிலேர்ந்து கேஸ் எடுக்கிறான்” என்று அன்றிரவே ஆலை நண்பர்களிடம் சொல்லிவிட்டார். பிறகு ஒரு குரல் பதிவு அனுப்பினார்: “அப்ப இதை நம்ம மில்லு குளத்துக்குக் கொண்டுவர முடியுமாடா?”

மறுநாள் காலை, எங்கள் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அவர் கூம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஆர்கான்ல ஓட்டிப் பார்த்தியா?”

“இல்லக்கா.”

“அப்ப இது மீத்தேன்னு மட்டுந்தான் உனக்குத் தெரியும். கரிவளியிலேர்ந்து வந்துச்சுன்னு யாரு சொன்னா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இளநிலை மாணவர்களுக்கான கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். “கரிவளியிலிருந்து மீத்தேன்” என்ற தலைப்பில் எழுதியும் வைத்திருந்தேன்.

அக்கா கேட்டது என்னவென்று புரிய, அந்தத் தூள் என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது டைட்டானியம் டையாக்சைடு. வெள்ளைச் சாயத்திலும் பற்பசையிலும் இருக்கும் அதே பொருள். ஆனால் அது ஒரு குறைக்கடத்தியும்கூட. போதுமான ஆற்றலுள்ள ஒளித்துகள் அதன்மீது விழுந்தால், உள்ளே ஓர் எலக்ட்ரான் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்குத் தாவும். அது விட்டுப்போன இடத்தில் ஒரு ‘துளை’ மிஞ்சும். தாவிய எலக்ட்ரான் பக்கத்தில் இருக்கும் மூலக்கூறுக்குத் தன்னைக் கொடுக்கும். துளை இன்னொரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். இப்படிக் கொடுப்பதும் பறிப்பதும்தான் வேதிவினை. தூள் செலவாவதில்லை. அதனால்தான் அதற்கு ஒளிவினையூக்கி என்று பெயர்.

இந்தக் கதை ஜப்பானில் தொடங்கியது. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, 1960களின் பிற்பகுதியில் டைட்டானியம் டையாக்சைடுப் படிகத்தை நீரில் வைத்து ஒளி பாய்ச்சியபோது குமிழிகள் எழுவதைக் கண்டார். ஒளியால் நீர் பிளவுபட்டிருந்தது. அவரும் அவருடைய ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் ‘நேச்சர்’ ஏட்டில் அதை வெளியிட்டார்கள். 1979இல் அதே குழு, நீரில் கலந்த குறைக்கடத்தித் தூள்களில் ஒளி பாய்ச்சிக் கரிவளியை ஃபார்மிக் அமிலம், மெத்தனால், மீத்தேன் முதலியவையாக மாற்றியதாக எழுதியது. அன்று முதல் இன்று வரை இந்தத் துறை ஓடிக்கொண்டே இருக்கிறது. நானும் அதில் ஓரமாகச் சேர்ந்துகொண்டவன்.

ஏன் இவ்வளவு காலம்? முதல் தடை கரிவளியேதான். விறகு எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைப்போல, கரிமம் எரிந்தபின் மிஞ்சுவது அது. அதன் ஒவ்வொரு கரிம – ஆக்சிஜன் பிணைப்பையும் முறிக்க ஒரு மோலுக்கு ஏறக்குறைய 800 கிலோஜூல் வேண்டும். அதை மீத்தேனாக்க ஒன்றிரண்டல்ல, 8 எலக்ட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தாவிய எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை வேலை எதுவும் செய்யாமலேயே மீண்டும் துளைக்குள் விழுந்துவிடும். போதாததற்கு, டைட்டானியம் டையாக்சைடு ஏறக்குறைய 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தை மட்டுமே உறிஞ்சும். அது புற ஊதா ஒளி. நம்மேல் விழும் வெயிலில் அதன் பங்கு சுமார் 5 விழுக்காடுதான். மீதி 95 விழுக்காட்டை இந்தத் தூள் கண்டுகொள்வதே இல்லை. அதனால்தான் செம்பைச் சேர்ப்பது, நைட்ரஜனைச் சேர்ப்பது என்று ஆளாளுக்கு ஒரு வழியில் முயல்கிறார்கள். என் தூளில் கொஞ்சம் செம்பு இருந்தது.

இனி ஆர்கானுக்கு வருகிறேன். ஆர்கான் எதனுடனும் சேராத வாயு. அக்கா சொன்னபடி கரிவளிக்குப் பதிலாக அதைக் கலனில் நிரப்பினேன். அதே தூள், அதே நீராவி, அதே விளக்கு. கலனுக்குள் கரிவளி இல்லை. ஆகவே மீத்தேன் வரக்கூடாது.

வந்தது. கூம்பு ஏறக்குறைய அதே உயரம்.

அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. கருவியில்தான் கோளாறு என்று முதலில் சாதித்தேன். வெற்று வாயுவைச் செலுத்திப் பார்த்தோம். கருவி சரியாகவே இருந்தது. விளக்கை அணைத்து ஓட்டினோம், மீத்தேன் இல்லை. தூளை எடுத்துவிட்டு ஓட்டினோம், இல்லை. ஆக, தூளும் ஒளியும் சேர்ந்துதான் மீத்தேனைத் தருகின்றன. கரிவளி இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை.

கரிமம் தூளுக்குள்ளேயே இருந்தது. டைட்டானியம் ஐசோபுரோபாக்சைடு என்ற நீர்மத்திலிருந்து அந்தத் தூளை நானேதான் தயாரித்தேன். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 12 கரிம அணுக்கள் உண்டு. தயாரித்தபின் உலையில் சுட்டு அவற்றை எரித்துவிட வேண்டும். அதிகம் சுட்டால் தூளின் மேற்பரப்பு குறைந்துவிடுமே என்று பயந்து, நான் 300 பாகை செல்சியசிலேயே நிறுத்தியிருந்தேன். கரிம எச்சம் துகள்களின் இடுக்குகளில் தங்கிவிட்டது. டைட்டானியம் டையாக்சைடு ஒளியில் கரிம அழுக்கைச் சிதைப்பதில் பேர்போனது. தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் சன்னல் கண்ணாடிகளில் அதைப் பூசுவதே அதற்காகத்தான். என் தூள் தன்மேல் ஒட்டியிருந்த அழுக்கைத்தான் சிதைத்துக்கொண்டிருந்தது. நான் அதை எரிபொருள் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன்.

இப்படி ஏமாந்தது நான் மட்டுமல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2010இல் நெதர்லாந்து, தைவான் ஆய்வாளர்கள் சேர்ந்து அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டைட்டானியம் டையாக்சைடு சார்ந்த வினையூக்கிகளில் நடப்பதாகச் சொல்லப்படும் செயற்கை ஒளிச்சேர்க்கை உண்மையா, கற்பனையா என்பதே அதன் தலைப்பு. அவர்கள் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். சாதாரணக் கரிமத்தின் நிறை எண் 12. இயற்கையில் சுமார் 1 விழுக்காடு கரிமம் 13 நிறை எண் கொண்டது. அந்தக் கனமான கரிமத்தை மட்டும் கொண்ட கரிவளியைச் செலுத்தினார்கள். விளைபொருள் உண்மையிலேயே அந்தக் கரிவளியிலிருந்து வந்தால், அதிலும் 13 இருக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய செம்பு கலந்த தூளில் உருவான கார்பன் மோனாக்சைடில் பெரும்பாலும் இருந்தது 12. அதாவது, எச்சத்தின் கரிமம்.

ஒரு கட்டுரை அப்படிச் சொல்லிவிட்டதால் துறையே பொய் என்றாகிவிடாது. ஒளியால் கரிவளியை மாற்ற முடியும் என்பதை இதே 13 சோதனையால் நிறுவிய ஆய்வுகள் உள்ளன. ஆனால் அந்தச் சோதனை இல்லாத கட்டுரையை இப்போது நான் வேறு கண்ணோடுதான் படிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சுருக்கத்தை அனுப்பவில்லை. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, “எந்த வெப்பநிலையில் சுட்டாய்?” என்று மட்டும் கேட்டார். குடும்பக் குழுவில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துச் சொன்னேன். “சரி, அது போகட்டும். குளத்து விசயம் என்னாச்சு?” என்றார். அவருக்கு அதுதான் முக்கியம்.

அவர் கேட்டதில் பொருள் இருந்தது. ஆலையில் ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுக்கும்போது அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாகக் கழிவுநீர் வெளியாகும். சூடாக, பழுப்பு நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் அந்த நீரைக் குளங்களில் வாரக்கணக்கில் தேக்கிவைப்பார்கள். காற்றுப் புகாத அடிப்பகுதியில் நுண்ணுயிரிகள் அதைத் தின்று வாயுவை வெளியிடும். சின்ன வயதில் அந்தக் குளத்தில் குமிழிகள் வெடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வரும். அந்த வாயுவில் ஏறக்குறைய 65 விழுக்காடு மீத்தேன். மிச்சத்தில் பெரும்பகுதி கரிவளி. அந்த மீத்தேனை அப்படியே வானத்துக்கு விட்டால், 20 ஆண்டுக் கணக்கில் அதே எடைக் கரிவளியைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மலேசியாவில் இத்தகைய ஆலைகள் 400க்கும் மேல் உள்ளன.

இங்கே வேதியியல் வேறொரு வழியைத் தருகிறது. கரிவளியை நீரோடு மல்லுக்கட்ட விடாமல் மீத்தேனோடு சேர்த்தால், இரண்டு பசுமை இல்ல வாயுக்களும் ஒன்றையொன்று மாற்றிக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக ஆகும். அந்தக் கலவைக்குச் சின்கேஸ் என்று பெயர். சின்கேஸிலிருந்து டீசல், மெழுகு, மெத்தனால் எல்லாம் செய்யலாம். இதை நம் நாட்டிலேயே பார்க்கலாம்: சரவாக்கின் பிந்துலுவில் ஷெல் நிறுவனத்தின் ஆலை 1993 முதல் இயற்கை எரிவாயுவைச் சின்கேஸாக்கி, அதிலிருந்து நீர்ம எரிபொருளும் மெழுகும் செய்துவருகிறது. ஆக, சின்கேஸ் கிடைத்தால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது தெரிந்த சங்கதி.

தெரியாதது முதல் படி. மீத்தேனும் கரிவளியும் சேரும் வினைக்கு ஒரு மோலுக்கு 247 கிலோஜூல் ஆற்றலை ஊட்ட வேண்டும். வழக்கமாக 700 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டுக்கு எதையாவது எரித்தால், மிச்சப்படுத்திய கரிவளியில் ஒரு பகுதி மறுபடியும் புகைபோக்கி வழியே போய்விடும். அதோடு, அந்த வெப்பத்தில் வினையூக்கியின்மேல் கரி படிந்து அது செத்துவிடும்.

2020இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸின் குழுவும் கூட்டாளிகளும் ‘நேச்சர் எனர்ஜி’ ஏட்டில் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் வருகிறது. அவர்களுடைய வினையூக்கி, மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ருத்தேனியம் அணுக்கள் பதிந்த செம்பு நானோ துகள். செம்பு, வானலையைப் பிடிக்கும் ஏரியலைப்போல ஒளியைப் பிடிக்கிறது. ருத்தேனியம் அணு இருக்கும் இடத்தில் வினை நடக்கிறது. வெளியிலிருந்து சூடாக்காமல் ஒளியை மட்டும் பாய்ச்சியபோது 50 மணி நேரம் கரி படியாமல் ஓடியது; விளைபொருளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் வேண்டிய சின்கேஸ்தான். எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது உண்மையிலேயே கை பரபரத்தது.

ஆனால் அங்கேயும் அக்காவின் கேள்வி வேறு உருவத்தில் எழுந்தது. விளக்கு தூளைச் சூடாக்கவும் செய்யுமே. வினையைச் செய்தது எலக்ட்ரானா, வெறும் சூடா? இத்தகைய உலோகத் துகள்களைப் பற்றி ஹாலஸ் குழுவுக்கும் மற்ற ஆய்வாளர்களுக்கும் ‘சயின்ஸ்’ ஏட்டிலேயே வாதமும் மறுமொழியும் வெளிவந்தன. தூளின் உண்மையான வெப்பநிலையை எங்கே, எப்படி அளப்பது என்பதே வாதத்தின் மையம். படிக்கப் படிக்க, என் ஆர்கான் கூம்பு அவ்வளவு அவமானமாகத் தோன்றவில்லை.

சரி, அப்பாவின் குளம். படிவம் நான்கில் மோல் கணக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் 35 விழுக்காடு கரிவளி என்றால் ஏறக்குறைய 10 கன மீட்டர், அதாவது சுமார் 400 மோல். ஒரு மோலுக்கு 247 கிலோஜூல். பெருக்கினால் ஏறக்குறைய 27 கிலோவாட் மணி. நம் நாட்டில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் வெயில் சுமார் 4.5 கிலோவாட் மணி. அதில் 10 விழுக்காட்டை வினையூக்கி பயன்படுத்தும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு 60 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 500 டன் கழிவுநீர் விடும் ஆலைக்கு 3 ஹெக்டர், ஏறக்குறைய நான்கு கால்பந்துத் திடல். ஆலையைச் சுற்றி இருக்கும் நிலத்துக்கு அது பெரிதல்ல. ஆனால் வெயிலில் 1 விழுக்காடுதான் பயன்பட்டால் நாற்பது திடல்.

இன்னொரு கணக்கும் போட்டேன். கரிவளியையும் நீரையும் கொண்டு செய்யும் ஆய்வுகளில், ஒரு கிராம் தூள் ஒரு மணி நேரத்தில் 10 மைக்ரோமோல் மீத்தேன் தந்தால் பேசத்தக்க அளவு என்பார்கள். அந்த வேகத்தில் ஒரு கிலோ தூளை வைத்து நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால், நம் வீட்டுச் சமையல் கேஸ் தோம்புக்குச் சமமான 14 கிலோ மீத்தேன் சேர ஏறக்குறைய 30 ஆண்டு ஆகும். இதை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்.

அவர் அடுக்கிய கேள்விகளும் சும்மா இல்லை. மழை பெய்தால்? இரவில் வரும் வாயுவை எங்கே வைப்பது? குளத்து வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அது உங்கள் தூளை ஒன்றும் செய்யாதா? செய்யும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதன் கந்தகம் உலோக வினையூக்கிகளின்மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். முதலில் அதை வடிகட்ட வேண்டும். வேதியியல் படிக்காத மனிதர், நாற்பது நிமிடத்தில் என் ஆய்வின் பாதிச் சிக்கலைச் சொல்லிவிட்டார்.

என்னைக் கேட்டால், இன்று ஓர் ஆலை செய்ய வேண்டியது குளத்தை மூடி வாயுவைப் பிடித்து, அதை எரித்து மின்சாரம் எடுப்பது. பல ஆலைகள் அதைச் செய்துவருகின்றன. அதற்கு நானோ துகள் எதுவும் தேவையில்லை. ஒளிவினையூக்கி வரும் வரை காத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அது சாக்கு. ஆனால் மின்சாரத்தைக் கொண்டு எளிதில் ஓட்ட முடியாத விமானமும் கப்பலும் இருக்கின்றன. அவற்றுக்கு நீர்ம எரிபொருள் தேவைப்படும். பிடித்த வாயுவைச் சின்கேஸாக்கும் வேலை அந்த இடத்துக்கு உரியது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதற்கிடையில் என் தூளைப் புதிதாகச் செய்தேன். இம்முறை 450 பாகை செல்சியசில் ஐந்து மணி நேரம் சுட்டேன். பிறகு ஈரக் காற்றில் ஓர் இரவு முழுக்கப் புற ஊதா ஒளியில் வைத்தேன், மிஞ்சிய அழுக்கையும் அதுவே தின்று தீர்க்கட்டும் என்று. கலனின் மூடிக்குத் தடவும் கிரீசையும் மாற்றினேன். அதிலும் கரிமம் உண்டு. முதலில் ஓட்டியது ஆர்கானில். திரையில் கோடு நேராகப் போனது. அவ்வளவு வெறுமையான ஒரு கோட்டைப் பார்த்து நான் மகிழ்ந்தது அதுவே முதல்முறை. அடுத்து கரிவளி. சிறிய கூம்பு ஒன்று எழுந்தது. பழைய கூம்பின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று முறை திரும்ப ஓட்டினோம். மூன்று முறையும் இருந்தது.

படம் எடுக்கவில்லை. கனமான கரிமம் கொண்ட கரிவளிக் குப்பி வந்துசேர்ந்துவிட்டது. விலை அதிகம், ஆகவே எங்களுக்கு இரண்டு ஓட்டத்துக்கு மட்டுமே அனுமதி. நிறைமானியில் சாதாரண மீத்தேன் 16 என்ற இடத்தில் தெரியும்; கனமான கரிமம் கொண்டது 17இல். நீராவியின் ஒரு துண்டும் அதே 17இல் வந்து குழப்பும் என்பதால், வாயுக்களை முதலில் ஜி.சி.யில் பிரித்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும் என்று அக்கா இரண்டு முறை நினைவூட்டிவிட்டார். கருவி எங்களுக்கு அடுத்த மாதம் இரண்டாம் வாரம் கிடைக்கும்.

அப்பாவிடம் விவரத்தைச் சொல்லி, 17 வந்தால் அழைக்கிறேன் என்றேன்.

“16 வந்தா?”

அப்போதும் அழைக்கிறேன் என்றேன்.